முன் அனுபவம் இல்லாதவருக்குத் திட்ட மேலாண்மையில் வழி உண்டா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் படித்து முடித்த தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: ப்ராஜெக்ட் வேலைக்கு விண்ணப்பித்தால் அனுபவம் கேட்கிறார்கள், வேலையே கிடைக்காதபோது அனுபவம் எங்கிருந்து வரும்? அதே மாவட்டத்தின் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் தொழிற்சாலை விரிவாக்கப் பணிகளைக் கவனித்து வருபவன் என்ற முறையில் நான் சொல்வது இது: மேலாளர் பதவியைத் தேடாதீர்கள், எந்த வேலை யாரிடம், எதற்காக நிற்கிறது என்று எழுதி வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கும் ஆளாக உள்ளே வாருங்கள்.

சான்றிதழைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.எம்.ஐ. என்ற அமெரிக்கத் திட்ட மேலாண்மை அமைப்பு நடத்தும் பி.எம்.பி. (PMP) தேர்வு தொடக்கநிலையாளருக்கானது அன்று. நான்காண்டுப் பட்டம் பெற்றவரும் திட்டங்களை வழிநடத்திய 36 மாத அனுபவத்தைக் காட்ட வேண்டும். அதே அமைப்பு தொடக்கநிலையாளருக்காக நடத்தும் சி.ஏ.பி.எம். (CAPM) தேர்வுக்குப் பள்ளிப்படிப்பும் 23 மணி நேரப் பயிற்சியும் போதும். அது துறையின் சொற்களையும் முறைகளையும் கற்றுத்தரும் என்பதால் படிக்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பி யாரும் வேலை தருவதில்லை.

வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு ஷெட் கட்டுவதையே எடுத்துக்கொள்வோம். அஸ்திவாரக் கான்கிரீட் போடும்போதே இரும்புத் தூண்களைப் பிடித்து நிறுத்தும் போல்ட்டுகள் அதில் பதிந்திருக்க வேண்டும். அந்த போல்ட்டுகள் வர இரண்டு நாள் தாமதமானால் கான்கிரீட் தள்ளிப்போகும், தூண் தள்ளிப்போகும், வாடகைக்குச் சொல்லி வைத்த கிரேன் வேறு இடத்துக்குப் போய்விடும், ஜூன் மழைக்கு முன் கூரை ஏறாது. சுற்றுச்சுவருக்கு வண்ணம் பூசுவதோ இரண்டு வாரம் தாமதமானாலும் எதுவும் குடிமுழுகிப் போகாது. எந்த வேலையின் தாமதம் முழுத் திட்டத்தையும் தள்ளும் என்று கணக்கிடும் முறையை 1950-களின் இறுதியில் டூபான்ட் நிறுவனத்தில் உருவாக்கினார்கள். அதன் அடிப்படையைப் புரிந்துகொள்ள ஒரு எக்செல் தாளும் ஒரு வாரப் பொறுமையும் போதும்.

அடுத்தது, கேள்வி கேட்கத் தெரிவது. கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டிய பொருளைப் பற்றி விசாரித்தால், "நாளைக்கு வந்துடும் சார்" என்பார்கள். அதை அப்படியே எழுதிக்கொள்பவரால் பயனில்லை. மாநிலம் விட்டு மாநிலம் வரும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் (சரக்கை அனுப்பும் முன் இணையத்தில் பதிவு செய்து எடுக்கும் மின்னணுச் சீட்டு) கட்டாயம் என்பதால், அதன் எண்ணையும் வண்டி எண்ணையும் கேளுங்கள். எண் வந்தால் லோடு தயாராகிவிட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். வராவிட்டால் பொருள் இன்னும் பட்டறையை விட்டுக் கிளம்பவில்லை என்று எடுத்துக்கொண்டு, அன்று மாலையே மேலாளரிடம் சொல்லிவிட வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் கோவை-பாலக்காடு சாலையின் மாநில எல்லையிலுள்ள வாளையாறு செக்போஸ்டில் வரிச் சோதனைக்காக லாரிகள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்ததால், பழைய ஆட்கள் தாமதத்துக்கு இன்றும் வழியைக் காரணம் காட்டுவதுண்டு. அந்த வரிச் சோதனை நின்றுவிட்டதால் இப்போது அந்தக் காரணம் செல்லாது.

எல்லைப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு பலம் இருக்கிறது, அதை அவர்களே குறைத்து மதிப்பிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. சப்ளையர் தமிழில் பேசுவார், பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளத்தில் விவரம் சொல்ல வேண்டியிருக்கும், சைட்டில் வெல்டிங் செய்பவர்களில் பலருக்கு இந்திதான் தெரியும். இந்த மூவரிடமும் ஒரே தேதியை ஒரே பொருள்படச் சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பவரை எந்த மேலாளரும் விட மாட்டார்.

ஸ்டோரிலோ கணக்குப் பிரிவிலோ ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள், அங்கே நடக்கும் ஒரு மாற்றப் பணிக்கு, புதிய ரேக் அமைப்பதாக இருந்தாலும் சரி, நிலுவைப் பட்டியலை வைத்துக்கொள்ளும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். வேலை, பொறுப்பானவர், தேதி, தடை என்று அட்டவணையில் நான்கு நெடுவரிசைகள் போதும். பிறகு நேர்காணலில் அந்தப் பணி எங்கே நின்றது, யாரிடம் பேசி நகர்த்தினீர்கள் என்பதைத் தேதியோடு சொல்லுங்கள். ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் முதலில் கேட்பது அதைத்தான்.