பைலட் படகும் படவட்டன் அறுவரும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில், கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டை அதனிடம் கொண்டுசேர்க்கும் பைலட் படகின் சுக்கானை நான் பிடித்த காலத்தைப் பற்றிக் கேட்பவர்கள் புயல்களையும் பிரம்மாண்டமான கப்பல்களையுமே எதிர்பார்க்கிறார்கள். உண்மையில், அலையில் ஏறி இறங்கும் சிறு படகை நகர்ந்துகொண்டிருக்கும் கப்பலின் விலாவோடு அணைத்து, பைலட் கயிற்றேணியைப் பற்றும்வரை விலகவிடாமல் வைத்திருப்பதே எங்கள் தொழில். கப்பல் சற்றுத் திரும்பிக் காற்றையும் அலையையும் மறைத்துக் கொடுக்கும். அந்த மறைவில், அலை படகை உச்சிக்குத் தூக்கும் கணத்தில் அவர் ஏணிக்கு மாற வேண்டும்; படகு தாழ்ந்திருக்கும்போது மாறினால், அடுத்த அலையில் எழும் படகு அவர் கால்களைக் கப்பலோடு வைத்து நசுக்கிவிடும். ஒன்பது மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருந்தால் சாய்படிக்கட்டையும் சேர்த்து இறக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. 1990களின் நடுவிலிருந்து பைலட்டுகள் பெரும்பாலும் ஹெலிகாப்டரிலேயே கப்பலுக்குப் போகிறார்கள். ஆகவே ஹெலிகாப்டர் பறக்க முடியாத நாள்களில்தான் எங்களுக்கு முழு வேலை.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் கரைவலைக் குடும்பத்தில் பிறந்தவர். இந்தியாவிலிருந்து கூலி ஒப்பந்தத்தில் வந்து, அது முடிந்ததும் கரும்புத் தோட்டங்களை விட்டு வந்த நம்மவர்களில் சிலர் டர்பன் விரிகுடாவின் சாலிஸ்பரி தீவில் குடியேறி மீன்பிடித்து வாழ்ந்தார்கள். அந்த மரபைப் பேசும்போதெல்லாம், மாரிமுத்து படவட்டன் என்ற மீனவரின் பெயரை அண்ணன் சொல்லாமல் விடமாட்டார்.

1917 அக்டோபர் 28 அன்று டர்பனில் ஓடும் உம்கேனி ஆறு கரையுடைத்து, ஸ்பிரிங்ஃபீல்டு சமவெளியில் காய்கறி பயிரிட்டு வாழ்ந்த இந்தியர்களின் தகரக் குடியிருப்பை அடித்துச் சென்றது. ஏறத்தாழ நானூறு பேர் மாண்டதாகச் சொல்லப்படுகிறது. மாரிமுத்து படவட்டனும் அவரோடு ஐந்து பேரும் மீன்பிடிப் படகில் வெள்ளத்துக்குள் போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள்.

இதைச் சொல்பவர்கள் அறுவரின் துணிச்சலைத்தான் புகழ்கிறார்கள். துணிச்சல் இருந்தது உண்மையே. ஆனால் சுக்கான் பிடித்தவனுக்கு அந்த எண்ணிக்கை வேறொன்றையும் சொல்கிறது. துடுப்புப் படகு ஒன்றில் 176 பேர் என்றால், கரையில் இறக்கிவிட்டு மறுபடி மறுபடி அதே நீரோட்டத்துக்குள் திரும்பியிருக்க வேண்டும். வெள்ளம் யாருக்கும் காற்றுமறைவு கொடுப்பதில்லை. கூரையில் தொற்றிக்கொண்டிருப்பவர்களை நோக்கி, நீர் வரும் பக்கத்திலிருந்து படகை நெருங்கவிட்டால் நீரோட்டம் அதைக் கூரைமேல் மோதவைத்துக் கவிழ்த்துவிடும். நீர் போகும் பக்கத்திலிருந்து எதிர்த்துத் துடுப்பு வலிப்பதென்றால் கைகள் சீக்கிரமே ஓய்ந்துவிடும். மிதந்துவரும் மரங்களுக்கும் தகரத் தகடுகளுக்கும் ஒதுங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் பைலட் தனியாகத்தான் தாவுவார், எப்போது தாவுவது என்றும் அவருக்குத் தெரியும். அங்கேயோ அஞ்சி நடுங்கும் குடும்பங்கள் ஒரே சமயத்தில் ஒரே ஓரத்தில் பாயும். இன்னும் எத்தனை பேரை ஏற்றலாம், யாரை அடுத்த முறைக்கு விட்டுவருவது என்பதை அந்த ஆரவாரத்தின் நடுவே ஒருவர் முடிவு செய்திருக்க வேண்டும். நாள்தோறும் அலைமுறிவைக் கடந்து வலை விரித்தவர்களுக்கு அன்றி வேறு யாருக்கு அது கைவந்திருக்கும்?

2022 ஏப்ரலில் டர்பனை மீண்டும் பெருவெள்ளம் தாக்கியது. குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். துறைமுகத்துக்குச் செல்லும் பேஹெட் சாலை அரித்துப் போயிற்று. விரிகுடாவில் நாணலும் மரங்களும் குப்பையும் மிதந்தன. அந்த நாள்களில் படவட்டன் பெயர் சில வீடுகளில் மறுபடி அடிபட்டது. மற்ற ஐவரின் பெயரை யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. அது எனக்கு இன்றும் குறையாகவே படுகிறது.

புதிதாகச் சேர்பவர்களை அண்ணன் உடனே கப்பலருகே விடமாட்டார். கடல்நீர் வடியும் வற்றம் வேகமாக ஓடும் நேரத்தில் மிதவை ஒன்றைக் காட்டி, "தம்பி, அதைத் தொடு, ஆனா முட்டாதே" என்பார். இப்போது கணினித் திரையில் பயிற்சி தருகிறார்கள்; கப்பலின் போக்கைப் புரிந்துகொள்ள அது நல்ல வழிதான். ஆயினும் ஓய்வுபெறும்வரை நானும் மிதவைப் பயிற்சியைக் கைவிடவில்லை. அதோடு, படகில் இருப்பவர்களை எதிர்பாராத நேரத்தில் ஒரே பக்கமாக ஓடச் சொல்வதையும் சேர்த்துக்கொண்டேன்.