கட்டிலருகே ஓர் இரண்டாம் கட்டு

காரைக்குடி, ஜூன் 3, செவ்வாய்

நீரிழிவோடு வார்டில் படுத்திருக்கும் ஐம்பது வயதுக்காரரிடம் என்னென்ன கேட்பீர்கள் என்று மூன்றாம் ஆண்டு நர்சிங் மாணவிகளை எழுதச் சொன்னேன். சாப்பாடு, கால் புண், பார்வை, தூக்கம் எல்லாம் வந்தன. தாம்பத்தியத்தை ஒருத்தியும் தொடவில்லை. சர்க்கரை நரம்பையும் ரத்தக் குழாயையும் கெடுக்கும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதுகிற பிள்ளைகள். அதே காரணத்தால்தான் விறைப்பும் குறைகிறது என்று நான் சொன்னதும் வகுப்பே தலைகுனிந்தது.

கடிந்துகொள்ள மனம் வரவில்லை. என் பயிற்சிக் காலத்தில், கர்ப்பப்பை எடுத்த ஒரு பெண் என் கையைப் பிடித்து, "இனி அவரோடு இருக்கலாமா சிஸ்டர்?" என்று கேட்டார். "டாக்டரிடம் கேளுங்கள்" என்று நகர்ந்துவிட்டேன். டாக்டரிடம் கேட்க முடிந்தவர் என்னிடம் ஏன் கேட்கப் போகிறார்? உள்புண் ஆற ஆறு வாரம் போல ஆகும், பரிசோதனை முடிந்தபின் சேர்ந்திருக்கலாம். இந்த இரண்டு வரிதான் அவருக்கு வேண்டியிருந்தது. அந்தக் கை இன்னும் நினைவில் இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

தாம்பத்தியச் சிக்கல்களை நோயாளியோடு பேசிக் கையாள உளவியலாளர் ஜாக் ஆனன் 1976-இல் வகுத்த நான்கு படிகளைப் பாடமாக எடுத்தேன்: பேச அனுமதி, அளவான தகவல், அவரவருக்கேற்ற யோசனை, தீவிர சிகிச்சை. நம் வேலை பெரும்பாலும் முதல் இரண்டு படிகளில்தான்.

செட்டிநாட்டு வீடுகளில் முகப்பில் உட்கார்ந்து மழையையும் விலைவாசியையும் பேசுவோம்; மனத்தில் கிடப்பது வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டுக்குப் போனால்தான் வெளியே வரும். வார்டில் இரண்டாம் கட்டு இல்லை. திரையை இழுத்து, குரலைத் தாழ்த்தி, துணைக்கு இருப்பவரைக் காப்பி வாங்க அனுப்பி, நாம்தான் அதைக் கட்ட வேண்டும் என்றேன். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு உடனே புரிந்தது.

ஜூன் 6, வெள்ளி

"என்ன சொல்லிக் கேட்பது மேடம்?" இதுதான் பெரிய தடை. 'பாலியல் செயலிழப்பு' என்று புத்தகத்தில் உள்ளபடி கேட்டால் மனிதர் மிரண்டுவிடுவார். "சர்க்கரை உள்ள பலருக்கு மனைவியோடு சேர்ந்திருப்பதில் சிரமம் வருவதுண்டு. உங்களுக்கு எப்படி ஐயா?" பலருக்கு வரும் என்று தொடங்கும்போதே பாதிக் கூச்சம் போய்விடுகிறது. ஒருவருக்கொருவர் நோயாளியாக நடித்து, குரல் நடுங்காமல் வரும் வரை சொல்லிப் பார்த்தார்கள்.

ஜூன் 12, வியாழன்

மாரடைப்பிலிருந்து தேறி வீட்டுக்குக் கிளம்பிய பெரியவரிடம் ஒரு மாணவி தானாகவே கேட்டாள். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, கடையில் வாங்கிய, விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரை வீட்டில் இருப்பதாகச் சொன்னார். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையும் அவருக்கு எழுதியிருந்தது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவள் உடனே டாக்டரிடம் ஓடினாள். கேட்காமல் இருந்திருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இரண்டு மாடி மூச்சிரைக்காமல், நெஞ்சு வலிக்காமல் ஏற முடிந்தால் சேர்ந்திருப்பதில் பொதுவாகப் பயமில்லை என்று டாக்டர் சொல்ல, அவர் முகம் தெளிந்தது.

கிளம்பும்போது அவர் மனைவி, ஆச்சி, அந்தப் பெண்ணை நடையில் நிறுத்தி, "என்னையும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா அம்மா?" என்றாராம். மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சியும் எரிச்சலும். இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. திங்கட்கிழமை முதல் பாடம் அதுதான்.