பார்த்துப் பேசுங்க

"தம்பி, ஒரு கேஸ் அனுப்புறேன், கொஞ்சம் பார்த்துப் பேசுங்க." சீனியர் பல் டாக்டர் போனில் சொன்னது இவ்வளவுதான். நாலு வருஷம் ஆகிறது, அந்தப் "பார்த்து"வை நான் இன்னும் புரட்டிக்கொண்டிருக்கிறேன். நோயாளி அம்மாவுக்குப் பயந்த சுபாவம், பதமாகச் சொல்லுங்க என்றும் எடுத்துக்கொள்ளலாம். என்னைக் காட்டிக் கொடுத்துடாதீங்க என்றும் எடுத்துக்கொள்ளலாம். எந்த அர்த்தம் சார் என்று அப்போதே கேட்டிருக்கலாம். பெரியவரிடம் எப்படி அதைக் கேட்பது என்று விட்டுவிட்டேன். கேட்காமல் விட்டதில் எனக்கும் ஒரு வசதி இருந்தது என்பது பிற்பாடுதான் உறைத்தது.

கடிதத்தில் "கேனால் கால்சிஃபைட், மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடித்துத் தரவும்" என்று இருந்தது. வயதாக ஆக பல்லின் வேருக்குள் இருக்கும் கால்வாய் சுருங்கி, சில பற்களில் எக்ஸ்ரேயில் தெரியாத அளவுக்கு அடைந்துபோகும், அதற்காக ரூட் கேனால் ஸ்பெஷலிஸ்டான எனக்கு அனுப்புவது வாடிக்கைதான். ஆனால் இந்த எக்ஸ்ரேயில் கீழ்க் கடைவாய்ப்பல்லின் முன்வேரில், வளைவுக்குச் சற்று முன்னால், மூன்று மில்லிமீட்டர் நீளத்துக்குப் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. அடைந்துபோன கால்வாய் மங்கித்தான் தெரியும், இப்படி மின்னாது. உடைந்த ஃபைல், அதாவது கால்வாயைச் சுரண்டிச் சுத்தம் செய்கிற ஊசியின் துண்டு. அவர் எழுதியதும் முழுப் பொய் என்று சொல்ல முடியாது, கால்வாய் குறுகல்தான், குறுகலாக இருந்ததால்தான் ஃபைல் மாட்டியிருக்கும். இப்படி அவருக்காக நான் வாதாடுவது அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

அந்தம்மாவுக்கு ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங். நாள் முழுக்க டியூப் லைட்டுக்குக் கீழே நின்று துணியில் ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தேடுகிற வேலை. இதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

முதல் நாள் பல்லைத் திறந்து பார்த்து, மைக்ராஸ்கோப் கேமராவில் எடுத்த படத்தை மானிட்டரில் நிறுத்திவைத்து, நாற்காலியை நிமிர்த்தி, நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். "உள்ளே ஒரு தடை இருக்குதுங்கம்மா. அதை எடுத்துட்டா கீழ வரைக்கும் சுத்தம் பண்ணிடலாம்." தடை. இந்த வார்த்தை கிடைத்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட. பொய் இல்லை பாருங்கள்.

அவர் மானிட்டரை எட்டிப் பார்த்தார். பழுப்பாக ஒரு பள்ளம், அதன் ஓரத்தில் கறுப்பாக ஒரு துவாரம், துவாரத்தின் அடியில் வெள்ளிப் பொட்டு.

"ஏனுங்க, அது ஊசியாட்டம் இருக்குதுங்களே?"

"ஆமாங்கம்மா, ரூட் கேனால் பண்ற ஊசியோட நுனி."

"உடைஞ்சுபோச்சுங்களா?"

"அது யார் கையிலயும் நடக்கும்ங்க."

இந்த இடத்தில்தான் நான் சுற்றிச் சுற்றி வருகிறேன். யார் உடைத்தது என்று அவர் கேட்கவே இல்லை. உடைஞ்சுபோச்சா என்றுதான் கேட்டார், ஆமா என்று சொன்னால் முடிந்தது. கேட்காத கேள்விக்கு நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கோபமே இல்லாமல், ஊர்க் கதை பேசுகிற மாதிரி சொன்னார். "எங்க கம்பெனில ஊசி உடைஞ்சா மெசினை நிறுத்திப் போடுவாங்க. துண்டு பூராத்தையும் தேடி எடுத்து, நோட்டுல டேப் போட்டு ஒட்டி, கையெழுத்துப் போட்டாத்தான் புது ஊசி குடுப்பாங்க. ஒரு துண்டு கெடைக்கலைன்னாலும் அந்தக் கட்டு பூரா மெட்டல் டிடெக்டர்ல போகோணும். கொழந்தைங்க போடற துணி பாருங்க." அப்புறம், "உங்க ஆஸ்பத்திரியில அந்த மாதிரி நோட்டு இல்லீங்களா?"

"எல்லாம் கேஸ் ஷீட்ல எழுதி வெப்போம்ங்க" என்றேன். சரிங்க என்று தலையாட்டினார்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். யார் கையிலும் நடக்கும் என்றது சத்தியம். என் கையிலும் உடைந்திருக்கிறது. நிக்கல்-டைட்டானியத்தில் கால்வாய் ஃபைல் செய்ய முடியும் என்று 1988-ல் பல் கிளிப் கம்பியை வைத்துச் செய்து காட்டினார்கள், அதற்குப் பிறகு வளைந்த வேர்களில் எங்கள் வேலை எவ்வளவோ சுலபமானது. பழைய ஸ்டீல் ஃபைலில் முறுக்குப் பிரிந்து நெளிந்து போவதைப் பார்த்து எடுத்து எறிந்துவிடலாம். நிக்கல்-டைட்டானியம் பல நேரம் எந்த அடையாளமும் காட்டாமல், வளைவில் சுற்றிச் சுற்றி அலுத்து, பட்டென்று போய்விடும். போன பிறகும் பல் தானாகக் கெட்டுவிடாது, அந்தத் துண்டுக்குக் கீழே கிருமி எவ்வளவு மிச்சம் என்பதுதான் கேள்வி. நன்றாகச் சுத்தம் செய்த பிறகு உடைந்திருந்தால் உள்ளேயே விட்டு அடைத்துவிடலாம், வருஷக்கணக்கில் ஒன்றும் ஆகாது. இந்தம்மாவுக்கு வேர்நுனியில் எலும்பு கரைந்து கறுப்பாகத் தெரிந்தது, அதனால் எடுத்துப் பார்ப்பதுதான் சரி என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை. ரொம்ப இல்லை.

சீனியரும் கெட்டவர் இல்லை. நான் கிளினிக் கிளினிக்காக பைக்கில் போய் ரூட் கேனால் செய்துகொண்டிருந்த காலத்தில் மாதத்துக்கு நாலைந்து கேஸ் கொடுத்தவர், மைக்ராஸ்கோப் லோனுக்கு உத்தரவாதக் கையெழுத்துப் போட்டவர். கடிதத்தில் உண்மையை ஒரு வரி எழுதியிருக்கலாம், அவ்வளவுதான். அதைக்கூட அவர் அந்தம்மாவிடம் நேரில் சொல்லியிருந்து, அவருக்குப் புரியாமல் போயிருக்கலாம் இல்லையா? இருக்கலாம். ஆனால் அப்படி என்றால் "பார்த்துப் பேசுங்க" எதற்கு?

அடுத்த வாரம் எடுத்தேன். ரப்பர் ஷீட் மாட்டி, மற்றக் கால்வாய்களின் வாயில் பஞ்சு வைத்து அடைத்து (துண்டு குதித்துப் பக்கத்துக் கால்வாயில் விழுந்தால் அழ வேண்டியதுதான்), ஃபைலைச் சுற்றி அல்ட்ராசோனிக் முனையால் கடிகார முள் சுற்றும் திசையில் இல்லாமல் எதிர்ச் சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல்லைச் சுரண்ட வேண்டும். தண்ணீர் விட்டால் கண்ணுக்குத் தெரியாது, விடாவிட்டால் சூடாகும், அதனால் சில நொடி காய்ந்த வேலை, பிறகு தண்ணீர், பிறகு காற்று. உருப்பெருக்கத்தைக் கூட்டினால் அவர் எச்சில் விழுங்கினாலே காட்சி கலைந்துவிடும். முக்கால் மணி நேரம் ஆன பிறகு அந்த வெள்ளிப் பொட்டு நடுங்கியது. அதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அந்தச் சந்தோஷம். இன்னும் ரெண்டு நிமிஷம், ஒரு சுற்றுச் சுற்றி மேலே வந்து விழுந்தது.

அப்புறம் உள்ளே பார்த்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. கீழ்க் கடைவாய்ப்பல்லின் முன்வேரில் கவட்டைப் பக்கச் சுவர் (வேர்கள் இரண்டும் பிரிகிற இடத்தைப் பார்த்த பக்கம்) இயல்பிலேயே மெல்லியது, ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். அந்தச் சுவரில் நான் அவசியத்துக்கு மேல் சுரண்டியிருந்தேன். ஓட்டை இல்லை, ரத்தக் கசிவு இல்லை, ஓட்டை விழுந்தாலும் அடைக்க இன்று நல்ல சிமென்ட் இருக்கிறது. ஆனால் சுவர் மெலிந்துவிட்டது. மெலிந்த வேர் பின்னாளில் பிளந்தால் பல்லை எடுப்பதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை. வெறும் கண்ணுக்கு இது எதுவுமே தெரிந்திருக்காது. லூப், அதாவது கண்ணில் மாட்டுகிற பூதக்கண்ணாடி, மாட்டியிருந்தாலும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது.

"எடுத்தாச்சுங்கம்மா" என்றேன். துண்டை வெள்ளைக் காஸ் துணியில் வைத்துக் காட்டினேன். "இத்தனூண்டுதானுங்களா!" என்று சிரித்தார். எனக்குக் குடுங்க என்று கேட்டதால் அப்பாயின்ட்மென்ட் கார்டில் செல்லோடேப் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். உண்மையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன் என்று ரொம்ப நாள் இதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யோசித்தால் அது வேட்டைக்காரன் புலிப்பல்லைக் காட்டுகிற சமாச்சாரம்தான். மெலிந்த சுவரைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. கேஸ் ஷீட்டிலும் "ஃபைல் முழுமையாக அகற்றப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதோடு சரி. எல்லாம் எழுதி வெப்போம்ங்க.

சொல்லி என்ன ஆகியிருக்கும் என்றும் தோன்றும். கேப் போட்ட பல்லில் அவர் தினமும் பயந்து பயந்து மென்றிருப்பார். அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஒருவேளை சீனியரும் ஃபைல் உடைந்த அன்றைக்கு இதையேதான் யோசித்திருப்பார்.

பத்து நாள் கழித்து சீனியர் போன் செய்தார். "அந்தம்மா கார்டுல ஒட்டிக் கொண்டாந்து காமிச்சாங்க தம்பி." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நல்லா எடுத்திருக்கீங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து கேஸ் வருவது குறைந்தது. அவர் பகுதியில் என்னைப் போல இன்னொரு எண்டோடான்டிஸ்ட் (ரூட் கேனால் ஸ்பெஷலிஸ்ட்) வந்ததும் அதே சமயம்தான், அதனால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. போன தீபாவளிக்கு வழக்கம்போல் இனிப்புப் பெட்டி அனுப்பியிருந்தார்.

அந்தம்மா வருஷத்துக்கு ஒருமுறை சொன்ன தேதிக்கு வந்துவிடுவார். வேர்நுனியில் இருந்த கறுப்பு ஒரே வருஷத்தில் பாதிக்குமேல் மறைந்து, இப்போது எலும்பு முழுசாகக் கட்டிவிட்டது. வலி இல்லை, சீழ் இல்லை, அந்தப் பக்கம் வைத்தே முறுக்கு கடிக்கிறாராம். "உங்க புண்ணியத்துல நல்லாருக்குதுங்க" என்பார். போன மாதமும் வந்தார். எக்ஸ்ரே மானிட்டரில் வந்ததும் அவர் வழக்கம்போல் எட்டிப் பார்த்து, "ஊசி இருந்த எடம் எதுங்க?" என்று கேட்டார். நான் அந்நேரம் கவட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டாம் தடவை கேட்ட பிறகுதான் விரலை வைத்துக் காட்டினேன்.