சிபிஆர் படிப்பதும் அழுத்திப் பார்ப்பதும்

முதலுதவிப் பயிற்சிக்குப் போகலாமா என்று யோசிப்பவர்கள் தாராளமாகப் போங்கள், ஆனால் பொம்மை மேல் கைவைத்து அழுத்த விடுகிற வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள். அப்பாவுக்கு இதய நோய் என்பதால் சிபிஆர் பற்றி, அதாவது இதயம் நின்றவரின் மார்பை அழுத்தியும் வாயில் ஊதியும் செய்கிற முதலுதவி பற்றி, நான் முன்பே நிறையப் படித்திருந்தேன். பெரியவர்களுக்கு மார்பின் நடுவில் 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், எல்லாம் மனப்பாடம். ஆனால் அந்த 5 செ.மீ. எவ்வளவு பலம் கேட்கிறது என்பது அழுத்தும்போதுதான் தெரிகிறது. முழங்கையை மடக்காமல், தோள் நேராகக் கைக்கு மேலே வரும்படி குனிந்து, உடம்பின் எடையை இறக்கினால்தான் ஆழம் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலெழ விட வேண்டும், இல்லாவிட்டால் இதயத்துக்குள் ரத்தம் திரும்ப நிரம்பாது. சீக்கிரமே களைத்துவிடுகிறது, அதனால்தான் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறச் சொல்கிறார்கள்.

வகுப்பில் கற்றதிலேயே முக்கியமானது என்று நான் நினைப்பது வேறு. இதயம் நின்ற பிறகும் சிலர் விட்டுவிட்டு வாயைத் திறந்து திணறுவார்கள், குறட்டை மாதிரிகூடச் சத்தம் வரும், சுற்றி நிற்பவர்கள் மூச்சு இருக்கிறதே என்று காத்திருந்துவிடுவார்கள். அதை மூச்சாகக் கணக்கில் எடுக்கவே கூடாது. தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால் ஆம்புலன்ஸை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உடனே அழுத்த ஆரம்பிக்க வேண்டியதுதான். விலா எலும்பு உடைந்துவிடாதா என்று ஒருவர் கேட்டார். உடையலாம், ஆனால் எலும்பு கூடிவிடும், ரத்தம் போகாத மூளை சில நிமிடங்களிலேயே சேதமாகத் தொடங்கிவிடும் என்றார் பயிற்சியாளர். அந்தப் பதில் எனக்கும் தேவைப்பட்டது. வாயில் ஊதத் தெரியாது, தயக்கமாக இருக்கிறது என்றால் பெரியவர்களுக்கு அழுத்தம் மட்டுமாவது கொடுங்கள். பக்கத்தில் ஏஇடி, அதாவது இதயத்துக்கு மின்சார ஷாக் கொடுக்கும் கருவி இருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள், ஆன் செய்ததும் அதுவே குரலில் வழி சொல்லும், தேவையில்லாத இதயத்துக்கு ஷாக் கொடுக்காது.

அப்புறம் தொண்டை அடைப்பு. பேசவோ இருமவோ முடியாமல் தவிப்பவரை முன்பக்கம் குனிய வைத்து, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் பலமாக 5 தட்டு, அதில் வெளியே வரவில்லை என்றால் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே உள்ளும் மேலுமாக 5 அழுத்து. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் வயிற்றில் அழுத்தவே கூடாது, மார்பில்தான். தீக்காயத்தை ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவது, வலிப்பு வந்தவரைப் பிடித்து அழுத்தாமலும் வாயில் எதையும் திணிக்காமலும் இருப்பது, இவையும் சொல்லித் தந்தார்கள்.

பழகாமல் விட்டால் சில மாதங்களிலேயே கை மறந்துவிடுமாம். அடுத்த வகுப்புக்கு அம்மாவையும் தம்பியையும் சேர்த்தே பதிவு செய்திருக்கிறேன். ஆள் மாறி அழுத்த வீட்டில் இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள்.