304 விளையாடிய கைக்குப் போக்கர்: ஒரு வார இறுதிக்கான குறிப்புகள்

யாழ்ப்பாணத்தில் காட்ஸ் என்றால் முதலில் 304தான். செத்தவீட்டுப் பந்தலிலும் கோயில் திருவிழாச் சாமத்திலும் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இப்போது கொழும்புக்குப் போய், கசினோவில் சிறிய தொகைக்குப் போக்கர் விளையாடிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். நல்ல காட்ஸ்காரர்களே அங்கே முதல் இரண்டு மணித்தியாலத்தில் காசை விட்டுவிடுகிறார்கள். 304 ஊறிய கையில் சில பழக்கங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மிகவும் உதவும், மற்றவை காசைக் கரைக்கும். எது எது என்று தெரிந்துகொண்டு போனால் அந்த வார இறுதி நன்றாகக் கழியும்.

முதலில் காசு. இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள் கசினோவுக்குள் போக அரசாங்கத்துக்கு நுழைவு வரி கட்டவேண்டும். 50 டாலராக இருந்ததை 100 டாலராகக் கூட்டும் திருத்தம் 2025இல் வந்தது. சிறிய தொகைக்கு விளையாடுபவருக்கு இதுதான் பெரிய செலவு. மேசையில் எவ்வளவு கெட்டித்தனமாக ஆடினாலும் இதை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடவேண்டாம். படம் பார்க்கப் போனால் டிக்கெட் காசு திரும்பி வராது அல்லவா, அப்படி நினைத்து ஒதுக்கிவையுங்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும், இலங்கைக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு அந்த வரி இல்லை. போகமுன்னர் தொலைபேசியில் நான்கு விசயம் கேளுங்கள்: போக்கர் மேசை எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கும், ஆகக் குறைந்த பிளைண்ட் (ஒவ்வொரு கையிலும் இருவர் முறைவைத்துக் கட்டாயமாகப் போடும் சின்ன, பெரிய தொகை) எவ்வளவு, ஒவ்வொரு கையிலும் கசினோ எடுக்கும் பங்கு எத்தனை வீதம், அதற்கு உச்சவரம்பு உண்டா, போயா நாளில் திறந்திருக்குமா.

கசினோவின் பங்கை ரேக் என்பார்கள். மற்றச் சூதாட்டங்களில் நீங்கள் கசினோவுக்கு எதிராக விளையாடுகிறீர்கள். போக்கரில் எதிரே இருப்பவர்களோடுதான் ஆட்டம். கசினோ மேசையையும் டீலரையும் தந்து, நடுவில் சேரும் பந்தயக் காசில் இருந்து, அதாவது பொட்டில் இருந்து, ஒரு பங்கை எடுக்கும். சின்னப் பொட்டுகளில் இந்தப் பங்கு சுடும். அதனால் சின்னச் சின்னதாகப் பல கை வெல்வதைவிட, நல்ல கை வந்தபோது பெரிதாக ஒன்று வெல்வது மேல்.

இனிப் பழக்கங்கள். 304இல் கை வந்தால் விளையாடியே ஆகவேண்டும். எட்டுக் காட்ஸும் நாறலாக இருந்தாலும் கடைசிப் பிடி வரைக்கும் இருந்து போட்டு முடிக்கவேண்டும். கூட்டாளியிடம் ஏதாவது இருக்கும் என்ற நம்பிக்கை வேறு. போக்கரில் ஆளுக்கு இரண்டு காட்ஸ்தான்; மேசை நடுவில் முதலில் மூன்றும் பிறகு ஒவ்வொன்றாக இரண்டும் எல்லோருக்கும் பொதுவாக விழும், ஐந்து காட்ஸ் கொண்ட சிறந்த கை வெல்லும். கையில் வந்த இரண்டைப் பார்த்தவுடன் மடக்கி வைத்து அந்தக் கையை விட்டு விலகிவிடலாம், பெரும்பாலும் அப்படித்தான் செய்யவும் வேண்டும். ஒன்பது பேர் இருக்கும் மேசையில் பத்துக் கையில் எட்டை மடக்குவது புதியவருக்குச் சரியான அளவு.

மடக்கிக்கொண்டே இருந்தால் பிளைண்டில் காசு போய்விடுமே என்ற பயம் எல்லோருக்கும் வரும். கணக்கைப் பாருங்கள். பிளைண்ட் 1, 2 என்று வையுங்கள் (ரூபாயோ டாலரோ, கணக்கு ஒன்றுதான்). மேசையில் ஒன்பது பேர். ஒரு சுற்றுக்கு உங்களுக்குப் பிளைண்டில் போவது 3. டீலர் காட்ஸ் போடும் மேசையில் மணித்தியாலத்துக்கு 25 முதல் 30 கை நடக்கும், அதாவது ஏறக்குறைய மூன்று சுற்று. ஒரு கைகூட விளையாடாமல் இருந்தாலும் மணிக்கு 9தான் செலவு. 200 சிப்போடு இருந்தவர் ஐந்து மணித்தியாலம் சும்மா இருந்தாலும் 155 மிஞ்சும். அதே ஆள் ஒன்றுவிட்டு ஒரு கைக்கு 2 போட்டு உள்ளே போனால் மணிக்கு இன்னும் இருபது சொச்சம் போகும். அது ஒருவரும் ரெய்ஸ் பண்ணாத (போட்ட தொகையைக் கூட்டாத) மேசையில். ரெய்ஸ் வந்து, போட்டதை விட மனமில்லாமல் 8, 10 என்று கோல் பண்ண (அவர் போட்டதற்குச் சமமாகப் போட) தொடங்கினால் கணக்கே வேறு. பொறுமையின் விலை ஆகக் குறைவு என்பதை இந்த எண்களில் பார்க்கலாம்.

அடுத்தது ஜாக்கும் ஒன்பதும். 304இல் ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரே சாதியில் ஜாக்கும் ஒன்பதும் கையில் வந்தால் நெஞ்சு நிமிரும், ஐம்பது புள்ளி அல்லவா. அந்தக் கண் போக்கர் மேசையிலும் ஜாக், ஒன்பதைக் கண்டவுடன் பிரகாசிக்கும். அங்கே அது நடுத்தரமான கை. முன்னுக்குப் பேசவேண்டிய (மற்றவர்களுக்கு முன்னர் முடிவைச் சொல்லவேண்டிய) இடத்தில் இருந்தால், வேறுவேறு சாதியான ஜாக், ஒன்பது நேராக மடக்கவேண்டியது. ஏன் என்றால், முதல் மூன்று காட்ஸ் ஜாக், ஆறு, நான்கு என்று விழுந்ததாக வையுங்கள். உங்களுக்கு மேலான சோடி கிடைத்துவிட்டது, பெட் வைக்கிறீர்கள். கோல் பண்ணி வருபவரிடம் ஏஸ் ஜாக், கிங் ஜாக், குயின் ஜாக் இருந்தால் சோடி சமம், சோடியோடு இருக்கும் மற்றக் காட்ஸில் நீங்கள் தோற்றீர்கள். அதன்பிறகு உங்களுக்குக் கைகொடுக்க இருப்பது மூன்று ஒன்பதுகள்தான், எட்டில் ஒரு வாய்ப்பு. ஏஸ் ஏழு, கிங் ஆறு போன்ற கைகளிலும் இதே பொறி இருக்கிறது. சின்ன மேசைகளில் புதியவர் பெரிதாகத் தோற்கும் கைகளில் பல இப்படிப்பட்டவை.

பத்து கிங்கை வெட்டும் என்ற 304 ஒழுங்கையும் வாசலில் கழற்றி வைக்கவேண்டும். போக்கரில் ஏஸ், கிங், குயின், ஜாக், பத்து என்ற நேர் ஒழுங்கு. சாதிகளுக்குள் பெரியது சின்னது இல்லை, துரும்பும் இல்லை. ஒரே சாதியில் இரண்டு வந்தது என்பதற்காகக் கிங் நான்கை விளையாடவேண்டாம். முதல் மூன்று காட்ஸிலேயே ஃபிளஷ் (ஒரே சாதியில் ஐந்து காட்ஸ்) விழுவது 119 தடவையில் ஒரு தடவைதான்.

எதை விளையாடலாம்? முன்னுக்குப் பேசும் இடத்தில் எட்டுக்கு மேற்பட்ட சோடிகள், ஏஸ் கிங், ஏஸ் குயின், ஒரே சாதியில் ஏஸ் ஜாக், கிங் குயின். இவற்றுக்கு வெறும் கோல் வேண்டாம், மேலே சொன்ன 1, 2 பிளைண்டில் 8 அளவுக்கு ரெய்ஸ் பண்ணுங்கள். முன்னர் யாராவது கோல் பண்ணியிருந்தால் ஆளுக்கு இரண்டு கூட்டுங்கள். டீலர் முறையைக் குறிக்கும் வட்டத்தட்டு, அதாவது பட்டன், உங்களிடம் வரும்போது, கடைசியாகப் பேசும் இடம் என்பதால், இன்னும் கொஞ்சம் விரிக்கலாம்: சின்னச் சோடிகள், ஒரே சாதியில் ஏஸோடு எதுவும், பத்து ஜாக் போன்றவை. கையில் சோடி வருவதே 17இல் ஒரு தடவை. அந்தச் சின்னச் சோடி முதல் மூன்று காட்ஸில் மூன்றாவதைப் பிடிப்பது எட்டரையில் ஒன்று. ஆகவே ஐந்து ஐந்தை வைத்துக்கொண்டு 8 கோல் பண்ணுவதானால், எதிரியிடமும் உங்களிடமும் 160 ஆவது பின்னால் இருக்கவேண்டும். அவரிடம் 60தான் இருக்கிறது என்றால் விழுந்தாலும் கட்டாது, மடக்குங்கள்.

இனி 304 உதவும் இடம். துரும்பு எத்தனை போனது, ஜாக் யாரிடம் இருக்கும் என்று எண்ணிப் பழகிய மூளைக்குப் போக்கரின் கணக்குச் சின்னப்பிள்ளை வேலை. அங்கே ஒரு சாதிக்கு எட்டு எண்ணுவோம், இங்கே பதின்மூன்று. கையில் இரண்டு ஆர்ட்டின் (ஹார்ட்ஸ்), மேசையில் இரண்டு ஆர்ட்டின், மிச்சம் ஒன்பது. அடுத்த ஒரு காட்டுக்கு அந்த எண்ணை இரண்டால் பெருக்குங்கள், இன்னும் இரண்டு காட்ஸும் பார்ப்பது நிச்சயம் என்றால் நான்கால். ஒன்பதுக்கு 18, 36 வீத வாய்ப்பு வரும். சரியான எண்கள் 19, 35. மேசையில் உட்கார்ந்து போட இந்தத் துல்லியம் போதும்.

அதைப் பொட்டோடு ஒப்பிடவேண்டும். நடுவில் 40 கிடக்கிறது, எதிரி 20 வைக்கிறார். நீங்கள் 20 போட்டால் மொத்தம் 80, அதில் உங்கள் பங்கு கால்வாசி. 25 வீதம் வேண்டிய இடத்தில் 19 வீதத்தோடு போகிறீர்கள். ஆர்ட்டின் விழுந்தபிறகும் அவர் காசு தருவார் என்று நம்பினால் ஒழிய மடக்கவேண்டும். அதே 40க்கு அவர் 10 வைத்தால் மொத்தம் 60, உங்களுக்கு வேண்டியது 17 வீதம்தான், தாராளமாகக் கோல் பண்ணலாம். ஒரு எச்சரிக்கை: மேசையில் ஏற்கனவே சோடி விழுந்திருந்தால், உங்கள் ஒன்பதில் சில காட்ஸ் எதிரிக்கு, ஃபிளஷை வெல்லும் ஃபுல் ஹவுஸை (ஒரே எண்ணில் மூன்றும் ஒரு சோடியும்) தரக்கூடும். அப்போது ஏழு என்று எண்ணுங்கள்.

சின்ன மேசைகளில் ஆட்கள் மடக்கமாட்டார்கள். ஆகவே வெறுங்கையோடு மிரட்டிப் பார்ப்பது வீண். நல்ல கை வந்தால் பொட்டில் மூன்றில் இரண்டு பங்கு பெட் வைத்து, டேர்னிலும் ரிவரிலும் (நான்காவது, ஐந்தாவது பொதுக் காட்ஸில்) தொடருங்கள். மறுபக்கம், அதுவரை கோல் மட்டும் பண்ணிக்கொண்டிருந்த அமைதியான ஆள் ரிவரில் திடீரென்று ரெய்ஸ் பண்ணினால், உங்கள் ஒற்றைச் சோடி ஏஸ் ஆனாலும் மடக்குங்கள். அந்த இடத்தில் மிச்சம்பிடிக்கும் காசு, வேறு எந்த உத்தியாலும் கிடைப்பதைவிடப் பெரிது.

கூட்டாளி என்ற பழக்கம் ஆகவும் ஆபத்து. ஊரில் இருந்து இரண்டு பேர் ஒன்றாகப் போனால் முடிந்தவரை வேறு மேசையில் இருங்கள். ஒரே மேசை என்றால், கை நடக்கும்போது தமிழில் ஒரு சொல்லும் வேண்டாம். பல இடங்களில் அப்போது ஆங்கிலம் மட்டுமே அனுமதி. நண்பருக்கு விட்டுக்கொடுத்து ஆடுவதும் அங்கே அளாப்புத்தான், எழுப்பிவிடுவார்கள்.

கைப்பழக்கம் சில. 304 வலப்பக்கமாகச் சுற்றும், போக்கர் இடப்பக்கமாகச் சுற்றும். முதல் அரைமணி நேரம் பேசும் முறை வருமுன்னரே வாய் திறந்துவிடும். உங்கள் வலப்பக்கத்தவர் பேசி முடிக்கும்வரை சிப்பைத் தொடாதீர்கள். காட்ஸை விசிறிபோல் நெஞ்சோடு பிடிக்கக்கூடாது, காட்ஸ் மேசையை விட்டு மேலே எழவே கூடாது. இடக்கையைக் கூரைபோல் மேலே கவித்து, வலது பெருவிரலால் இரண்டு காட்டின் மூலையையும் ஒன்றாக மடித்துப் பார்த்து விட்டுவிடுங்கள். மேலே ஒரு சிப்பை வையுங்கள்; வைக்காவிட்டால் டீலர் கழித்த கை என்று அள்ளிக்கொள்வதும் உண்டு. ரெய்ஸ் என்றால் முதலில் வாயால் சொல்லுங்கள். சொல்லாமல் ஒரு பெரிய சிப்பைப் போட்டால் அது கோல். இரண்டு தரமாக அள்ளிப் போட்டால் முதல் தரம் போட்டதுதான் கணக்கு. கை நடுவில் சட்டைப்பையில் இருந்து காசு எடுக்கவோ, வென்ற சிப்பைப் பைக்குள் போடவோ முடியாது.

வெள்ளி இரவு போகமுன்னர் வீட்டு விறாந்தையில் ஒருநாள் பழகுங்கள். ஆளுக்கு நூறு புளியங்கொட்டை போதும், காசு வேண்டாம்.  ஆனால் 304 கட்டோடு ஒதுக்கி வைத்திருந்த இரண்டு முதல் ஆறு வரையான இருபதையும் சேர்த்து விளையாட வேண்டாம். முப்பத்திரண்டும் கைபட்டு முனை வளைந்து மஞ்சளாகியிருக்கும், அந்த இருபதும் விறைப்பாக வெள்ளையாக இருக்கும். முதுகைப் பார்த்தே ஆள் மூன்றோ ஐந்தோ வைத்திருப்பது தெரிந்துவிடும். புதுக்கட்டு ஒன்று வாங்குங்கள். முதல் மணித்தியாலம் எதை மடக்கினோம் என்று ஒரு கொப்பியில் குறித்து, பிறகு சரிபாருங்கள்.

இரவு பஸ்ஸில் போனால் விடியக் கொழும்பு. வெள்ளவத்தையில் இறங்கி, குளித்து, மத்தியானம் வரை நித்திரை கொள்ளுங்கள். நித்திரை இல்லாத கண்ணுக்கு எல்லாக் கையும் நல்ல கைபோலத் தெரியும். சனி பின்னேரம் நான்கைந்து மணித்தியாலம், ஞாயிறு மூன்று, அவ்வளவும் போதும். வார இறுதிக்கு இரண்டு தரம் சிப் வாங்கும் காசை மட்டும் கொண்டுபோங்கள், வங்கி அட்டையை அறையில் வையுங்கள். மேசைக்கு வரும் இலவசக் குடிவகையை வேண்டாம் என்று சொல்லி, தேத்தண்ணியோ தண்ணியோ கேளுங்கள். ஒவ்வொரு மணித்தியாலமும் எழும்பி ஐந்து நிமிடம் நடவுங்கள். திரும்பி வரும்போது பெரிய பிளைண்ட் உங்கள் கதிரையைத் தாண்டிப் போயிருந்தால், அதை எப்படிக் கட்டுவது என்று டீலரிடம் கேட்டு இருங்கள். ஞாயிறு பஸ் ஏழு மணிக்கு என்றால் ஐந்து மணிக்கே, பெரிய பிளைண்ட் உங்களிடம் வருமுன்னர் எழும்புங்கள். சிப்பை நிறம் பிரித்து இருபது இருபதாக அடுக்கி, காசாளர் முன்னால் எண்ணிக் கொடுத்து, காசை அங்கேயே நின்று எண்ணி வாங்குங்கள்.