பட்டன் தேயாத டயர்கள்

மார்ச் 9, 2024, சனி. டூசான், அரிசோனா

மே மாதப் பயணத்துக்காக எங்கள் மோட்டார்ஹோமை, அதாவது வீட்டு வசதிகள் கொண்ட பயண வண்டியை, கழுவிக்கொண்டிருந்தபோது, முன்டயரின் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் வளையமாக ஓடுவதைக் கண்டேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இவ்வண்டியைப் பழையதாக வாங்கியபோது, பட்டன் (சாலையில் பதியும் வரிப்பள்ளங்கள்) புதிதுபோல் இருக்கிறதே என்று மகிழ்ந்தேனே தவிர, டயரின் வயதைக் கேட்கத் தோன்றவில்லை. பக்கச்சுவரில் ‘டாட்’ (DOT, அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) எழுத்துகளை அடுத்து வரும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள்தான் அதன் பிறந்த நாள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. இதில் 2316 என்றிருந்தது. அதாவது 2016 ஜூன். பின்பக்க இரட்டை டயர்களில் முழுக் குறியீடு உட்புறமாக இருந்ததால், அட்டைப்பெட்டியை விரித்து வண்டிக்கடியில் படுத்து, டார்ச் அடித்துத்தான் படிக்க முடிந்தது. ஆறும் ஒரே வயது.

மார்ச் 10, ஞாயிறு

கார் டயர் ஓடித் தேய்கிறது. மோட்டார்ஹோம் டயர் நின்றே கெடுகிறது. வெயிலும் ஓசோனும் ரப்பரை அரிக்கின்றன. அதைத் தடுப்பதற்காக ரப்பரில் கலக்கப்பட்டிருக்கும் மெழுகு, சக்கரம் உருண்டு வளைந்து நிமிரும்போதுதான் மேற்பரப்புக்கு வருமாம். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் அது நடப்பதில்லை. போதாக்குறைக்கு, பளபளக்கட்டும் என்று நான் பூசிவந்த பெட்ரோலிய பாலிஷ் அந்தப் பாதுகாப்பையும் குலைக்கக்கூடியது. இனி சோப்புத் தண்ணீர் மட்டுமே. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் வல்லுநரிடம் காட்ட வேண்டும், எப்படியிருந்தாலும் பத்தில் கழற்றிவிட வேண்டும் என்கிறது டயர் நிறுவனமான மிஷ்லின். இந்த ஊர் வெயிலுக்கு ஏழே அதிகம் என்பது என் கருத்து.

மார்ச் 16, சனி

முதல் கடையில் ‘புதியது’ என்று காட்டிய டயரில் 1121 என்றிருந்தது. மூன்று வயதுச் சரக்குக்குப் புது விலை கொடுக்க மனமில்லாமல் திரும்பிவிட்டேன். வேறொரு கடையில் 0424 கிடைத்தது. ரப்பர் வால்வுகளுக்குப் பதிலாக உலோக வால்வுகளையும் போடச் சொன்னேன்.

மார்ச் 23, சனி

தண்ணீர், பெட்ரோல், சாமான்கள் எல்லாம் நிரப்பிக்கொண்டு, நெடுஞ்சாலை லாரி நிலையத்தின் ‘கேட்’ (CAT) நிறுவன எடைமேடையில் வண்டியை ஏற்றினேன். முன் அச்சு 4,140 பவுண்டு, பின் அச்சு 9,120. எங்கள் டயர் அளவான எல்டி 225/75 ஆர்16, 80 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் ஒற்றையாக 2,680 பவுண்டும், இரட்டையில் ஒவ்வொன்றும் 2,470 பவுண்டும் தாங்கும். பின்னால் நான்குக்கும் சராசரி 2,280 என்பதால் ஆறுதல்தான். ஆனால் குளிர்பதனப் பெட்டியும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே பக்கம் இருப்பதால் அந்தச் சராசரியை முழுதாக நம்பவில்லை. பின்னால் நான்கிலும் ஒரே அழுத்தமாக 80 வைத்துவிட்டேன்.

ஜூன் 15, சனி

பயணம் முடிந்து வண்டி நிலையில் நிற்கிறது. வெயில் படும் பக்கம் வெள்ளை உறை மாட்டியாயிற்று. டயரின் அடிப்பரப்பு முழுவதும் பதியும்படி அகலமான பலகைகள் போட்டேன். விளிம்பு தொங்கினால் உள்கம்பிகள் கெடும். விடியற்காலையில், டயர் சூடேறுமுன் அளந்தபோது இடப்புற உள்டயரில் மட்டும் 71 காட்டியது. வெளிடயர் 80-இலேயே இருந்தது. ஆக, இத்தனை மைல்களாக அந்த ஜோடியின் சுமையில் பெரும்பங்கை வெளிடயர்தான் சுமந்திருக்கிறது. வால்வு நீட்டிப்புக் குழாயின் அடியில் சோப்பு நுரை தடவினேன்; சிறு குமிழிகள் ஒவ்வொன்றாக எழுந்தன.