துண்டில் ‘மூலம்’ என்று எழுதியதால் போன நாலு மாதம்

பாதிப் பழி எனக்குத்தான், அதை முதலே சொல்லிவிடுகிறேன். நெல்லியடியில் இருந்து முதல் பஸ்ஸில் வந்து ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால், கவுண்டரில் இருந்தவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி “என்ன வருத்தம் எண்டு சொல்லுங்கோ அக்கா” என்றார். எனக்குப் பின்னால் எங்கள் ஊர் வாத்தியார். ஆசனவாயில் கடியும் (அரிப்பும்) தடிப்பும் என்று எப்படிச் சொல்வது? “மூலம்” என்றேன். அதையே துண்டில் எழுதினார்.

சத்திரசிகிச்சை கிளினிக்கில் டொக்டர் துண்டை வாசித்தார், களிம்பு எழுதினார், முடிந்தது. தொட்டும் பார்க்கவில்லை. நானும் பழைய கதையைச் சொல்லவில்லை. 45 வயதில் சுகவனிதையர் கிளினிக்கில் எடுத்த பாப் பரிசோதனையில் கருப்பைக் கழுத்தில் சின் 3 (புற்றுநோய்க்கு முந்திய கடுமையான மாற்றம்) வந்து வெட்டி எடுத்தார்கள். அடுத்த வருடம் பெண்ணுறுப்பின் வெளிப்பக்கத்தில் (வெளியுறுப்பில்) வெள்ளைத் தடிப்பு, அதுவும் புற்றுநோய்க்கு முந்திய மாற்றம், அதையும் எடுத்தாயிற்று. அதெல்லாம் வேறு கிளினிக், வேறு கொப்பி. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நினைத்தேன்.

நாலு மாதம் களிம்பு பூசினேன். கடி போகவில்லை.

சம்பந்தம் இருக்கிறது என்று சொன்னது, வழமையான செக்கப்பில் பெண்நோயியல் டொக்டர். மூன்று இடத்துக்கும் காரணம் அநேகமாக உறவின்போது தோலில் இருந்து தோலுக்குத் தொற்றுகிற ஒரே எச்.பி.வி. வைரஸ்தான், அதிலும் 16ஆம் வகை. பக்கத்துப் பக்கத்துத் தோல் என்பதால் ஆசனவழி உறவே இல்லாதவர்களுக்கும் அங்கே பரவும் (இதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது, ஊர் வாயை நினைத்துப் பாருங்கள்). வெளியுறுப்பில் கடுமையான மாற்றம் வந்தவர்களுக்கு ஆசனவாய்ப் புற்றுநோய் அபாயம் மற்றப் பெண்களைவிட மிக அதிகமாம். அப்படிப்பட்டவர்களுக்கு அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்து ஒரு வருடத்துக்குள் ஆசனவாயையும் சோதிக்கத் தொடங்கச் சொல்லி 2024இல் சர்வதேச வழிகாட்டல் வந்திருக்கிறது.

கடிதம் தந்தார். கொண்டுபோனால் பழைய பயொப்சி ரிப்போர்ட் வேண்டுமாம். பதிவறையில் தேடினார்கள், இல்லை, அடுத்த கிழமை வாங்கோ. அடுத்த கிழமையும் இல்லை. ரிப்போர்ட்டில் என் பெயரில் ஒரு எழுத்து மாறி வேறு கோப்புக்குள் கிடந்திருக்கிறது! கடைசியில் மகளின் போனில் இருந்த படம்தான் காப்பாற்றியது. எந்த ரிப்போர்ட் கையில் வந்தாலும் அந்த இடத்திலேயே படம் எடுத்து வையுங்கோ, பெயரையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கோ.

அதற்குப் பிறகு எல்லாம் சுறுக்காக நடந்தது. விரல் பரிசோதனை, மயக்கத்தில் பயொப்சி, கடுமையான மாற்றம் என்று பதில், சுட்டு எடுத்தார்கள். புற்றுநோயாக மாறியிருக்கவில்லை. ஆண் டொக்டர் என்றால் ஒரு மிஸ்ஸியை (தாதியை) உள்ளே நிற்கச் சொல்லிக் கேட்கலாம். நான் கேட்டேன், முகம் சுளிக்காமல் வந்து நின்றார்.

போன கிழமை மறு செக்கப்புக்கு அதே கவுண்டர், அதே ஆள், அதே கேள்வி. வீட்டிலேயே கடுதாசியில் எழுதிக்கொண்டு போனதை நீட்டினேன். வாசித்தார், ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், சத்தமில்லாமல் துண்டை எழுதித் தந்தார்.